விண்வெளியில் ஒரு கொலை

சென்ற ஆடி மாதம் ஒரு பத்திரிகாசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தீபாவளி மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றார். என்னிடம் கதை கேட்பது புதிதல்ல. அவர் கேட்ட கதைதான் புதிது.

"துப்பறியும் கதையாக இருக்க வேண்டும். கொலை ஒன்று நடக்க வேண்டும். அந்தக் கொலையும் விண்வெளியில் நடக்க வேண்டும். இந்த வருஷம் மலர் முழுவதும் ஆகாயம்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். கடன்காரர்களை எழுதியிருக்கிறேன். காதலித்துக் கெட்டவர்களை எழுதியிருக்கிறேன். பனியன் கம்பெனி முதலாளிகளையும், அவர்களிடம் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களையும் எழுதியிருக்கிறேன். ஒரு கொலைகாரனைக்கூட எழுதியதில்லையே! திருப்பூரைத் தாண்டி ஆகாயத்துக்கும் போனதில்லை" என்றேன்.

"அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்" என்று சொல்லி முன்பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முன்பணம் வாங்கிய எழுத்தாளனும் ஆர்டர் எடுத்துவிட்ட கம்பெனிக்காரரும் ஒன்று. நூல் இருக்கிறதோ இல்லையோ, சரக்கு குறித்த தேதிக்குப் போயாக வேண்டும். ஆனால் அந்தச் சரக்கை நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்ப முடியவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தெரியாத தொழிலில் இறங்குகிறவன் முதலில் தொழில் தெரிந்தவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் தையல் பழக வருகிற பையன் உடனே மிஷினில் உட்கார்ந்துவிடுவதில்லை. டெய்லருக்கு எதிரே நின்று, தைத்து விழுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில்தான் ஆரம்பிப்பான். பார்த்துப் பார்த்துக் கை பழகும். நானும் அப்படியே செய்யலாம் என்று, விண்வெளியில் நடந்த கொலைகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

1985-ஆம் வருஷத்தில் தொலைக்காட்சிக்காகவே எடுத்த ஒரு படம் கிடைத்தது. 'மர்டர் இன் ஸ்பேஸ்' என்று பெயர். கனடாவில் எடுத்தது. ஸ்டீவன் ஹில்லியார்ட் ஸ்டெர்ன் என்பவர் டைரக்டர். செவ்வாய் கிரகப் பிரயாணத்தை முடித்துக்கொண்டு ஒரு விண்கப்பல் பூமிக்குத் திரும்புகிறது. பல நாட்டு வீரர்கள் அதில் இருக்கிறார்கள். அமெரிக்கருக்கு ரஷ்யரிடம் நம்பிக்கை இல்லாத காலம், ரஷ்யருக்கும் அப்படியே. வழியில் ஓர் உயிர் போகிறது. பிறகு இன்னொன்று. கப்பலின் தலைவராக மைக்கேல் அயர்ன்சைட் நடித்திருக்கிறார். வில்ஃபோர்ட் பிரிம்லி என்ற பெரிய மீசைக்காரர் பூமியில் உட்கார்ந்தபடியே விசாரிக்கிறார். போலீஸ்காரர் ஏறிப் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நடந்த கொலை அல்லவா? கேள்வியும் பதிலும் திரையில்தான்.

படம் ஒன்றும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். கொலைகாரன் யார் என்று சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்கள். துப்புகளெல்லாம் படத்திலேயே இருக்கின்றன, கண்டுபிடித்து எழுதுங்கள், பரிசு தருகிறோம் என்று பார்த்தவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். சில வாரங்கள் கழித்துத்தான் விடையை ஒளிபரப்பினார்கள். அதுவரை எத்தனை வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேரைத் தூக்கில் போட்டிருப்பார்களோ!

படத்தைப் பார்த்து முடித்தபோது, இந்த மாதிரிக் கதைக்கு விண்வெளி எவ்வளவு வசதியான இடம் என்பது புரிந்தது. துப்பறியும் கதைக்காரர்கள் எப்போதும் ஒரு மூடிய இடத்தைத்தான் தேடுவார்கள். அகதா கிறிஸ்டி 1934-இல் பனியில் சிக்கிய ரயிலைப் பிடித்தார். அடுத்த வருஷமே ஆகாய விமானத்துக்குப் போய்விட்டார். உள்ளே இருந்தவர் வெளியே போகவில்லை, வெளியே இருந்தவர் உள்ளே வரவில்லை என்று வாசகரை நம்ப வைத்துவிட்டால் போதும். பாதிக் கதை முடிந்த மாதிரி. விண்கப்பலில் அந்தச் சிரமமே இல்லை. அதைவிட நன்றாக மூடிய அறையை யார் கட்ட முடியும்?

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒரு மனிதன் மூச்சு விட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் பிராணவாயு வேண்டும் என்று விண்வெளிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று பெருக்கிப் பார்த்துத்தான் கப்பலை அனுப்புகிறார்கள். ஆகவே அங்கே மூச்சு விடுகிற ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாத ஆள் ஒருவர் கப்பலில் இருக்கவே முடியாது. செத்தவர் யார், மிச்சம் இருப்பவர் யார் என்பதில் சந்தேகமே வராது. இந்த விஷயத்தை வாசகர்கள் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விஞ்ஞானக் கதையும் துப்பறியும் கதையும் ஒத்துப் போகாது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கதைக்காரன் அவசரத்துக்கு ஒரு புது யந்திரத்தைக் கண்டுபிடித்துக் கொலைகாரனைப் பிடித்துவிடுவான், அது வாசகனை ஏமாற்றுவது என்பது கட்சி. ஐசக் அஸிமாவ், 1954-இல் புத்தகமாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' எழுதி, ஏமாற்றாமலும் எழுத முடியும் என்று காட்டினார். அதே 1954-இல்தான் நம் ஊரில் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தை எடுத்தார். பாட்டே கிடையாது. ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுடப்பட்டு விழுகிறார். யார் சுட்டது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். என் தகப்பனார் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

எங்கள் தலைமுறைக்கு விஞ்ஞானமும் மர்மமும் சேர்ந்து வந்தது சுஜாதாவிடமிருந்து. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டே எழுதியவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' முதலில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தூர்தர்ஷனில் நாடகமாகவும் வந்தது. அப்போது எனக்குப் பத்துப் பதினோரு வயது. எங்கள் லைன் வீட்டில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதுவும் எதிர்வீட்டு அண்ணனுடையது. அவர் சாயப்பட்டறையில் விஞ்ச் ஓட்டுகிறவர். சாய வேலைக்காரர்களை அந்தக் காலத்தில் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. பண்டிகைக்கு மருதாணி வைத்த மாதிரி நகக்கண்ணெல்லாம் சாயம் ஏறியிருக்கும். அந்தக் கையால்தான் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா கண்ணு? இப்ப தெரியுதா?" என்று மேலிருந்து கூப்பிடுவார். நாங்கள் கீழேயிருந்து, "இல்லீங்ணா, இன்னும் கொஞ்சம்!" என்று கத்துவோம்.

கதை 2021-ஆம் வருஷத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த வருஷமும் வந்து போய்விட்டது என்பது வேறு விஷயம். ஜீவா என்ற சர்வாதிகாரி தேசத்தை ஆள்கிறான். பிள்ளை பெறவும் அனுமதிச் சீட்டு வேண்டும். நிலா என்ற பெண்ணின் புருஷன் காணாமல் போய்விடுகிறான். அவளுக்குத் துணை ஜீனோ என்ற யந்திர நாய். எங்களுக்கெல்லாம் அந்த நாய்மேல்தான் கண். அண்ணனுக்கு ஜீவா மேல். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெளிச்சத்தால் செய்த வெறும் உருவம், பின்னால் வேறு சிலர் நின்று ஆட்டி வைக்கிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு அது பிடிபடவில்லை. அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம கம்பெனி மாதிரித்தான் தம்பி. போர்டு இருக்கும், பேரு இருக்கும், உள்ள போயி யாரு முதலாளின்னு கேட்டா ஒருத்தரும் ஆமாங்க மாட்டாங்க."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

கதைக்கு வருகிறேன். கற்பனைக் கொலைகளைப் பார்த்தாகிவிட்டது. நிஜமாகவே விண்வெளியில் என்ன நடந்திருக்கிறது என்று தேடினேன். கொலை என்று ஒன்றும் நடந்ததாக இல்லை. ஆனால் மர்மம் ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்டு கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. ஆறு பேர் உள்ளே இருந்தார்கள். தேடிப் பார்த்ததில், நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கப்பலின் சுவரில் ஏறத்தாழ 2 மில்லி மீட்டர் அளவில் ஒரு துளை. யாரோ துரப்பணக் கருவியால் போட்ட துளை மாதிரி இருந்தது. பசை வைத்து அடைத்துவிட்டார்கள். டிசம்பரில் இரண்டு ரஷ்ய வீரர்கள் கப்பலுக்கு வெளியே போய், மேலுறையைக் கத்தியால் கிழித்துத் துளையின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். தொழிற்சாலையில் கை தவறிப் போட்டதா, வேறு யாராவது செய்ததா? விசாரணை நடந்தது. முடிவை வெளியிடவில்லை. தொலைக்காட்சிக்காரர்களாவது சில வாரத்தில் விடையைச் சொன்னார்கள்!

சாவும் இருக்கிறது. 1971 ஜூன் 30-ஆம் தேதி, சோயுஸ் 11 என்ற ரஷ்யக் கப்பல் பூமிக்குத் திரும்பியது. டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் என்று மூன்று பேர். உலகத்தின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட்டில் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தவர்கள். கப்பல் ஒழுங்காகத் தரை இறங்கியது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தவர்கள் மூன்று பேரும் ஆசனத்தில் தூங்குகிற மாதிரி இருந்ததைக் கண்டார்கள். மேலே கப்பலின் பகுதிகள் பிரிந்தபோது, ஒரு சிறிய வால்வு வேளை தப்பித் திறந்துகொண்டது. இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. அழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் அந்த உடையோடு மூன்று பேர் அதற்குள் உட்கார இடம் இல்லை. மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்பது முன்பே எடுத்த முடிவு. அதன் பிறகு பல வருஷங்களுக்கு இரண்டு பேரைத்தான் அனுப்பினார்கள், உடையோடு.

வால்வு திறந்ததா கொன்றது? மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்த முடிவா? முடிவு எடுத்தவர் யார்? கேட்டுக்கொண்டே போனால் ஒருவரும் தனியாக மாட்ட மாட்டார். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நின்றிருப்பார்.

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கப்பல். ஒருவன் சாகிறான். விசாரிக்கப் போனால் கொலைகாரன் என்று ஒருவன் இல்லை. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வால்வைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். நல்ல யோசனைதானே? உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கத்தில் செத்தவனை வர்ணிக்க வேண்டும். 'அவன் கைகளில் நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்திருந்தது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

அது விண்வெளியில் செத்தவனுடைய கை அல்ல.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவன். வீட்டில் பண முடை. 1999-இல், பத்தொன்பது வயதில், ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் அந்த எதிர்வீட்டு அண்ணன்தான். "எழுத்து முத்து முத்தா இருக்கும்ங்க" என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

சாயக் கழிவு நீரைத் தேக்குகிற தொட்டி ஒன்று பட்டறையின் பின்னால் இருந்தது. பத்தடி ஆழம் இருக்கும். மேலே மூடி, ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டாரின் ஃபுட் வால்வில் சகதி அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை லாட் இறக்கியாக வேண்டும். துணிக்குத் தேதி குறித்திருந்தது. அண்ணன் ஏணி வைத்து இறங்கினார். பாதியில் மேலே ஏறி வந்து, தலையை மட்டும் நீட்டி என்னிடம் சொன்னார்:

"மொதல்ல நாத்தம் கொமட்டிக்கிட்டு வந்துச்சு தம்பி. இப்ப நாத்தமே இல்ல. போயிருச்சு."

"அப்பாடா" என்றேன் நான்.

அவர் மறுபடியும் இறங்கினார். ஏறவில்லை.

பல வருஷங்கள் கழித்துத்தான் அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. சாயம் துணியில் ஏறுவதற்குக் கிளாபர் உப்பு போடுவார்கள். அது கந்தகம் கலந்த உப்பு. கழிவோடு சேர்ந்து காற்றுப் படாத சகதியில் கிடக்கும்போது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது, ஆகவே அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமல்ல. மூக்கு போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் சில மூச்சுகள்தான். துப்பறியும் கதைகளில் கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளர் சொல்வாரே, 'விடை உங்கள் கண் முன்னாலேயே இருந்தது' என்று, அப்படி ஒரு துப்பை அண்ணன் தம் வாயாலேயே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதை என் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. தெரியாதது குற்றமல்ல. தெரிந்து செய்தது மறுநாள் நடந்தது.

மேனேஜர் ஒரு புதுப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான்கு மாத வருகைப் பதிவேட்டை அதில் பார்த்து எழுத வேண்டும் என்றார். "அந்த ஒரு பேரை மட்டும் விட்ருங்க தம்பி. அவரு காண்டிராக்டர் கூட்டிட்டு வந்த ஆளு. அன்னைக்கு ஒரு நாளுக்குத்தான் வந்தாரு" என்றார். குரலை உயர்த்தவில்லை. மிரட்டவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

எழுதினேன். பதினேழாவது பெயர் அவருடையது. அதை விட்டுவிட்டுப் பதினெட்டாவது பெயரைப் பதினேழாவதாக எழுதினேன். நான்கு மாதம், நான்கு முறை. முத்து முத்தாகவே எழுதினேன். பிறகு அண்ணி கையெழுத்துப் போட ஒரு காகிதம் எழுதச் சொன்னார்கள். இறந்தவர் எங்கள் ஆள் அல்ல, மனிதாபிமானத்தின் பேரில் ஒரு தொகை பெற்றுக்கொள்கிறேன், வேறு பாத்தியதை இல்லை என்று. அதையும் எழுதினேன். அண்ணி இடுப்பில் நான்கு வயதுப் பையனோடு வந்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு நகலை அவரிடம் கொடுத்தார்கள். அந்த மாதச் சம்பளத்தை நான் வாங்கினேன். அடுத்த மாதமும் வாங்கினேன்.

அப்போது அமலில் இருந்த 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டப்படி, காண்டிராக்டர் மூலமாக வந்த ஆளானாலும் வேலை வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு வக்கீல் நண்பர் பிற்பாடு சொன்னார். உரிமையை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாதாம். ஆக, அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. ஆனால் படித்துச் சொல்ல ஆள் இல்லாத ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு. அது என்றைக்கோ முடிந்துவிட்டது.

இப்போது வாசகர்களுக்கு என் சங்கடம் புரியும். விண்வெளிக் கதையின் அஸ்திவாரமே பட்டியல்தான். மூச்சு விடுகிறவன் ஒவ்வொருவனும் கணக்கில் இருக்கிறான். அதனால் ஒருவன் மூச்சு நின்றால் கேள்வி பிறக்கிறது. எங்கள் தொட்டியில் மூச்சு நின்றவன் கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாதவன் சாக முடியாது. சாகாதவனுக்குக் கொலைகாரன் ஏது? அப்படிப்பட்ட ஒரு பக்கத்தை எழுதிய கையால், பட்டியல் சரியாக இருக்கும் கப்பலைப் பற்றி எப்படிக் கதை எழுதுவது? எழுதினால் அது வாசகனை ஏமாற்றுவதாகாதா?

எங்கள் ஊரில் இப்படி விடை தெரிந்தும் பெயர் சொல்ல முடியாத மர்மம் இது ஒன்றுதானா? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யல் ஆற்றைக் கேளுங்கள். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அதில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கழிவைத் துளிகூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்து நின்றது. ஆற்றைக் கெடுத்தவர் யார் என்று அப்போது டீக்கடையில் பேச்சு வந்தால், ஒவ்வொருவரும் இன்னொருவர் பக்கம் கையைக் காட்டினார்கள். காட்டிய கையில் சாயம் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

நீலம் பாரித்த நகங்களை எழுதிய அந்த இரண்டாம் பக்கத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன். பழைய லைன் வீடு இப்போது இல்லை. ஊருக்கு வெளியே இரண்டு அறை வீடு. பையனுக்கு முப்பது வயதாகிறது. ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். அண்ணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பதிவேட்டையும் சொன்னேன், காகிதத்தையும் சொன்னேன்.

அண்ணி முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. உள்ளே போய், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றிலிருந்து அந்த நகலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"உன்ற எழுத்து எனக்குத் தெரியாதா கண்ணு? ரேஷன் கார்டுக்கு மனு நீதானே எழுதிக் குடுத்தே. அன்னைக்கே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலே ஆயிப் போச்சு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பையன்தான் கேட்டான். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப, பழைய நோட்டுல அப்பா பேரு இருந்துச்சுங்களா?"

"இருந்தது. பதினேழாவது பேரு."

"நாலு மாசமும்ங்களா?"

"அதுக்கு முன்னாடியும். எட்டு வருஷமா."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "அதை ஒரு தாளுல எழுதிக் குடுக்கறீங்களா மாமா? ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தெரியும். இருக்கட்டும்" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பட்டறையின் பெயர், தொட்டி, தேதி, பதினேழாவது வரிசையில் இருந்த பெயர், அதை எடுத்தவன் நான் என்பது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியதால் எழுத்து முத்து முத்தாக இல்லை. பையன் வாங்கி இரண்டு முறை படித்தான். அண்ணி அதை மடித்துப் பழைய நகலோடு சேர்த்து டப்பாவில் வைத்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்தேன்.

பத்திரிகாசிரியரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததைச் சொன்னேன். "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிவிட்டேன். கொலை விண்வெளியில் நடக்கவில்லை என்பதற்கு மன்னிக்க வேண்டும்.

அண்ணனுடைய பெயரை இதில் நான் எழுதவில்லை என்று சில வாசகர்களுக்குக் குறை தோன்றலாம். அது எழுத வேண்டிய தாளில் எழுதியாகிவிட்டது.